யார் பக்கத்துலேருந்து வந்துச்சு?

மூணு வருஷம் முன்னாடி ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுகிட்டு தங்கச்சியோட மாமியாருக்கு போன் போட்டு, "அத்தை, டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு, அம்மாகிட்டேருந்து வந்த ஜீன்லதான் கோளாறாம்"னு சொன்னேன். டாக்டர் சொன்னதத்தான் சொன்னேன்னு அப்போ நெனச்சேன். அந்த ஒரு வாக்கியம் எங்க குடும்பத்துல என்ன பண்ணுச்சுங்கிறது இன்னிக்கும் எனக்கு அறுத்துகிட்டே இருக்கு. அத எழுதிடலாம்னு பல தடவ உக்காந்து பாதில விட்டிருக்கேன், இந்த தடவ முடிக்கணும்.

தங்கச்சியோட பாப்பா பொறக்கறப்பவே 4 கிலோவுக்கு மேல. பாக்க வந்தவங்க எல்லாரும் "நல்ல வளர்த்தி, கண்ணு பட்டுரும், சுத்திப் போடு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நம்ம ஊர்ல குழந்தைக்கு சொல்ற ஆசீர்வாதமே வளரணும்ங்கிறதுதானே. முதல் பொறந்தநாளுக்கு கொலுசு வாங்கிப் போட்டப்ப வலது கால்ல லூசா ஆடுச்சு, இடது கால்ல கொக்கி மாட்டவே முடியல. ஆசாரி ரெண்டு காலையும் நூல வெச்சு அளந்து பாத்துட்டு "ஒரு கால் தடிப்பா இருக்கேம்மா"ன்னு சொன்னாரு. குழந்தை சதைதான, நடக்க ஆரம்பிச்சா சரியாயிடும்னு நாங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். நானும்தான். உடம்போட ஒரு பக்கம் மட்டும் கூடுதலா வளர்றது, நாக்கு பெருசா இருக்கறது, தொப்புள் பக்கம் குடல் துருத்திகிட்டு இருக்கறது, காது மடல்ல கோடு விழுந்திருக்கறது, பொறந்த உடனே சர்க்கரை எறங்கிப் போறது, இதெல்லாம் ஒரே கூட்டத்தச் சேர்ந்த அடையாளங்கள், இதுல ஒண்ணு ரெண்டு மட்டும் இருந்தாக்கூட டாக்டர்கிட்ட காட்டணும்ங்கிறது எங்க யாருக்கும் தெரியாது. 1963, 64ல பெக்வித்ங்கிற அமெரிக்க நோய்க்கூறியல் டாக்டரும் வீடமன்ங்கிற ஜெர்மன் குழந்தை டாக்டரும் தனித்தனியா கண்டு சொன்னதால இந்தக் கோளாறுக்கு பெக்வித்-வீடமன்னு பேரு.

பாப்பாவுக்கு ரெண்டு வயசு முடிஞ்ச சமயம், குளிப்பாட்டும்போது தங்கச்சி கைல தட்டுப்பட்டுச்சு. "அண்ணே, வயித்துல இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு, ஆனா அவளுக்கு வலியே இல்ல, சிரிச்சுகிட்டுதான் இருக்கா"ன்னு போன் பண்ணா. பெரும்பாலும் இது இப்படித்தான் தெரிய வருமாம், குளிப்பாட்டும்போது இல்ல சட்ட மாத்தும்போது, அம்மா கைலயோ பாட்டி கைலயோ. திருநெல்வேலில ஸ்கேன் எடுத்து, அன்னிக்கு ராத்திரியே சென்னைக்கு கெளம்பி வந்தாங்க. வார்டுல கட்டில் தலமாட்டுல ஒரு சீட்டு ஒட்டுனாங்க: வயிற்றை அழுத்த வேண்டாம். கட்டி அதோட உறைக்குள்ள இருக்கற வரைக்கும் நல்லது, அழுத்தி உறை கிழிஞ்சு வயித்துக்குள்ள சிந்திட்டா ஸ்டேஜ் ஏறிடும். பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் "எங்க, காட்டு பாப்போம்"னு கை நீட்டுவாங்க, தங்கச்சி குறுக்க கைய வெச்சு மறிப்பா. அந்த ஒரு வாரம் முழுக்க அவ கை பாப்பா வயித்து மேலயேதான் இருந்துச்சு.

வில்ம்ஸ் கட்டி. சிறுநீரகத்துல வர்ற குழந்தைப் புற்றுநோய், பத்தாயிரம் குழந்தைல ஒண்ணுக்கு வரும், பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள. மாக்ஸ் வில்ம்ஸ்ங்கிற ஜெர்மன் சர்ஜன் 1899ல இதப் பத்தி எழுதுனதால அந்தப் பேரு. எங்களுக்கு நாலு வாரம் கீமோ, அப்புறம் இடது கிட்னிய எடுத்தாங்க, அப்புறம் மறுபடி ஆறு மாசத்துக்கு மேல கீமோ. மருந்து ரெண்டுதான். ஒண்ணு ஆக்டினோமைசின், மண்ணுல இருக்கற நுண்ணுயிர்லேருந்து எடுத்தது, 1950கள்ல பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்ங்கிற டாக்டர் இந்தக் கட்டிக்கு குடுத்துப் பாத்தாரு. இன்னொண்ணு வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடிலேருந்து வர்றது. எங்க ஊர்ல அதுக்கு சுடுகாட்டு மல்லின்னு இன்னொரு பேரு, வீட்டுல வெக்கக் கூடாதும்பாங்க. தங்கச்சி வீட்டு வாசல்ல இப்ப ரெண்டு தொட்டில அது பூத்துகிட்டு இருக்கு.

பாப்பா நல்லா இருக்கா. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இது மாதிரி பதிவு படிக்கறவங்க கடைசி பாராவ முதல்ல தேடுவாங்கன்னு எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் தேடித் தேடிப் படிச்சேன். வசதியான நாடுகள்ல இந்தக் கட்டி வர்ற பத்து குழந்தைல ஒம்போது பேர் பொழச்சுடறாங்க. நான் எழுத வந்தது அதப் பத்தி இல்ல.

அந்த வாக்கியம்

ஆபரேஷனுக்கு அப்புறம் கால் விஷயத்த கவனிச்ச டாக்டர் மரபியல் டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. ரிசல்ட் வந்த அன்னிக்கு தங்கச்சி பாப்பா கூட வார்டுல இருந்தா, மாப்பிள்ள ஊர்ல அறுப்புக்குப் போயிருந்தாரு, நான் மட்டும்தான் போய் உக்காந்தேன். 11ஆம் குரோமோசோம்ல ஐஜிஎஃப்-2ன்னு ஒரு ஜீன், இன்சுலின் மாதிரி இருக்கற வளர்ச்சிக் காரணிய செய்றது. எல்லார்கிட்டயும் அது ரெண்டு பிரதி இருக்கும், அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. அப்பா பிரதி வேலை செய்யும், அம்மா பிரதி அணைஞ்சு இருக்கும். பாப்பாவுக்கு அம்மா பிரதியும் சேர்ந்து வேலை செஞ்சிருக்கு. டாக்டர் இத பொறுமையா, அழகாதான் சொன்னாங்க. நான்தான் வராண்டாவுக்கு வந்து அதுலேருந்து பாதிய வெட்டி எடுத்து போன்ல சொன்னேன்.

அத்தை ஒண்ணும் பேசல, "சரி தம்பி"ன்னு வெச்சுட்டாங்க. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அது ஊரெல்லாம் போயிருச்சு. மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சிக்கே போன் பண்ணி "உங்க பக்கம் யாருக்கு இப்படி இருந்துச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிருக்கலாம்ல"ன்னு கேட்டிருக்காங்க. எங்கம்மா ஒரு பக்கம் எங்க பாட்டி வழில செத்துப்போனவங்க பேரெல்லாம் சொல்லி, யாருக்கு வயித்துல கட்டி இருந்துச்சுன்னு அழுதுகிட்டே தேட ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் கெட்டவங்க இல்ல, எல்லாரும் பயந்து போய் இருந்தாங்க, பயத்துக்கு ஒரு காரணம் வேணும், காரணத்துக்கு ஒரு ஆள் வேணும். குழந்தைக்கு ஒண்ணுன்னா நம்ம வீடுகள்ல முதல் கேள்வியே யார் பக்கத்துலேருந்து வந்துச்சுங்கிறதுதான், அதுக்கு முக்காவாசி நேரம் ஒரே பதில்தான் தயாரா இருக்கும். நான் அந்த பதிலுக்கு லேப் ரிப்போர்ட்டோட முத்திரைய குத்திக் குடுத்துட்டேன்.

தங்கச்சி ரெண்டு நாள் என்கூட பேசல. மூணாவது நாள் ராத்திரி பாப்பாவுக்கு வின்கிரிஸ்டினால மலச்சிக்கல், வயித்து வலில அழுது அழுது அப்பதான் தூங்கிருந்தா. கட்டில் பக்கத்துல தரைல பாய் போட்டு உக்காந்திருந்தோம். "அண்ணே, நாந்தான் குடுத்தேனா"ன்னு கேட்டா. நான் இல்லன்னு சொன்னேன். "அப்ப ஏன் அத்தைகிட்ட அப்படி சொன்ன"ன்னு கேட்டா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ப்ரிஸ்கிரிப்ஷன் பேப்பரோட பின்பக்கம்

அடுத்த வாரம் அவளே டாக்டர பாக்கணும்னு சொன்னா, நான் கூடப் போனேன். போய் உக்காந்த உடனே கேட்டா, "மேடம், இது என்கிட்டேருந்து வந்துச்சா?" டாக்டர் என்னைய ஒரு பார்வ பாத்தாங்க. அப்புறம் ஒரு ப்ரிஸ்கிரிப்ஷன் பேப்பர திருப்பி ரெண்டு நீளக் கோடு போட்டாங்க, மேல இருக்கறது அப்பா குடுத்தது, கீழ இருக்கறது அம்மா குடுத்தது. ஒவ்வொரு கோட்லயும் ரெண்டு பொட்டி. ஒண்ணு ஐஜிஎஃப்-2, பக்கத்துல எச்19ன்னு இன்னொரு ஜீன். வலது ஓரத்துல ஒரு வட்டம், அதுலேருந்துதான் இந்த ஜீன்களுக்கு தூண்டுதல் வரணும். நடுவுல ஒரு இடம். அம்மா கோட்டுல அந்த இடத்துல சிடிசிஎஃப்ங்கிற புரதம் வந்து உக்காந்து மறிச்சுக்கும், தூண்டுதல் ஐஜிஎஃப்-2 வரைக்கும் போகாது, எச்19ஓட நின்னுடும். அப்பா கோட்டுல அதே இடத்துல மெத்தில்னு சின்னச் சின்ன வேதிக்குறி ஒட்டியிருக்கும், அதனால அந்தப் புரதத்தால உக்கார முடியாது, தூண்டுதல் நேரா ஐஜிஎஃப்-2வுக்குப் போகும். ஆரோக்கியமா பொறக்கற எல்லா குழந்தைக்கும் இதுதான் ஏற்பாடு.

"இப்ப பாருங்க"ன்னு சொல்லிட்டு கீழ்க் கோட்டுல அந்த நடு இடத்துல நாலஞ்சு புள்ளி வெச்சாங்க. "இங்க இருக்கக் கூடாத மெத்தில் குறி விழுந்துருச்சு, மறிச்சு உக்கார வேண்டியது உக்கார முடியல, அதனால ரெண்டு கோட்லயும் வளர்ச்சிக் காரணி கொட்டுது. இது எப்ப நடந்துச்சு தெரியுமா? உங்க பொண்ணோட எல்லா செல்லுலயும் இது இல்ல, சில செல்லுலதான் இருக்கு, அதனாலதான் ஒரு கால் மட்டும் பெருசு. நீங்க குடுத்த முட்டையிலேயே இந்தக் குறி இருந்திருந்தா உடம்பு முழுக்க ஒரே மாதிரி இருந்திருக்கும். கரு உண்டாகி, ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி பிரியும்போது எங்கயோ ஒரு செல்லுல இது நடந்திருக்கு. நீங்க குடுத்தப்ப அது மூடித்தான் இருந்துச்சும்மா."

அவ அந்த பேப்பரையே பாத்துகிட்டு இருந்தா. "நான் குடுத்தப்ப மூடி இருந்துச்சு"ன்னு திருப்பி ஒரு தடவ சொன்னா, கேள்வி மாதிரியும் இல்ல, பதில் மாதிரியும் இல்ல. டாக்டர் இன்னொண்ணும் சொன்னாங்க, சில குடும்பத்துல அந்த நடு இடத்துலயே ஒரு சின்ன துண்டு அம்மாவோட குரோமோசோம்ல கொறஞ்சிருக்கும், அதுக்கும் பாத்தாச்சு, இங்க அது இல்ல. அப்படியே இருந்திருந்தாலும் அந்த அம்மா அத தன்னோட அப்பாகிட்டேருந்து வாங்கி, தனக்கு ஒரு குறையும் தெரியாமலே வளர்ந்திருக்கலாம், ஏன்னா அப்பா வழியா வந்தா அது காட்டிக்காது. அதுவும் யாரோட தப்பும் இல்ல. பேப்பர மடிச்சு தங்கச்சி பர்ஸுல வெச்சுகிட்டா. இப்பவும் அவகிட்ட இருக்கு, மடிப்புல கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டியிருக்கா.

அம்மா பிரதி, அப்பா பிரதின்னு சொல்றது ஒரு விலாசம் மாதிரி. ரெண்டும் ஒரே ஜீன்தான், பிரிச்சு சொல்றதுக்காக எங்கேருந்து வந்துச்சோ அத வெச்சு கூப்பிடறாங்க. தமிழ்ல "அம்மாகிட்டேருந்து வந்த கோளாறு"ன்னு சொல்றப்ப கோளாறே வந்துச்சுன்னு ஆயிடுது. வந்தது ஜீன், கோளாறு அப்புறம் நடந்தது. ஒரு வாக்கியத்துல ரெண்டையும் சேர்த்து ஒட்டுனது என் தப்பு. இதே நோய்ல அஞ்சுல ஒரு பங்கு குழந்தைங்களுக்கு அந்தப் பகுதில ரெண்டு பிரதியும் அப்பாவோடதா அமைஞ்சிருக்கும், அதுவும் கருவுக்குள்ள செல் பிரியும்போது நடக்கற விஷயம்தான். அப்போ எந்த வீட்லயாவது அப்பாவ உக்கார வெச்சு உன் வம்சத்துல யாருக்கு இருந்துச்சுன்னு கேட்டிருப்பாங்களா? கேட்டிருக்கக் கூடாதுங்கிறதுதான் சரி, ஆனா கேட்டிருக்கவே மாட்டாங்கங்கிறதும் எனக்குத் தெரியும்.

எலிக்குட்டி சொன்னது

அதுக்கப்புறம்தான் நான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். 1985லயே வில்ம்ஸ் கட்டிக்குள்ள ஐஜிஎஃப்-2 எக்கச்சக்கமா இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்க, ஏன்னு தெரியல. பதில் எலிலேருந்து வந்துச்சு. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல டிகியாரா, எஃப்ஸ்ட்ராடியாடிஸ், ராபர்ட்சன் மூணு பேரும் எலிக்கு இந்த ஜீன கெடுத்துப் பாத்தாங்க. கெட்ட பிரதி அப்பா எலிகிட்டேருந்து வந்தா குட்டி சின்னதா, சாதாரண எடைல 60 சதவீதம்தான் பொறந்துச்சு, ஆனா மத்தபடி ஆரோக்கியமா இருந்துச்சு. அதே கெட்ட பிரதி அம்மா எலிகிட்டேருந்து வந்தா ஒரு வித்தியாசமும் இல்ல. ஏன்னா அது எப்படியும் அணைஞ்சுதான் இருக்கப் போகுது. இது 1990, 91. 1993ல அமெரிக்காவுல ஃபைன்பெர்க் குழுவும் நியூசிலாந்துல ரீவ் குழுவும் ஒரே நேரத்துல சொன்னாங்க, வில்ம்ஸ் கட்டிகள்ல அந்த அணைஞ்ச பிரதி முழிச்சுகிட்டு இருக்குன்னு. ஜீனோட எழுத்து ஒண்ணுகூட மாறல, எழுத்துப் பிழையே இல்லாம ஒரு புற்றுநோய்க்கு வழி தொறந்திருக்கு. எனக்கு அத படிச்சப்ப கை நடுங்குச்சு.

இந்த ஜீன் ஒண்ணும் வில்லன் இல்லங்கிறதும் அப்பதான் உறைச்சுது. வயித்துக்குள்ள இருக்கும்போது நம்ம எல்லாரையும் வளர்த்தது அதுதான். கொறஞ்சா குழந்தை ரொம்ப சின்னதா பொறக்கும், அப்பா பிரதில அந்த நடு இடத்துக் குறி அழிஞ்சு போய் அப்படி பொறக்கற குழந்தைங்களும் இருக்காங்க, சில்வர்-ரஸ்ஸல்னு பேரு, அதே இடம், தலைகீழ் கோளாறு. கிட்னி கட்டுமானம் பிரசவத்துக்கு சில வாரம் முன்னாடியே முடிஞ்சுடணும். சில குழந்தைங்களுக்கு கட்டுமான செல்லுங்க கொஞ்சம் கலையாம அங்கங்க தங்கிப் போகும். பெரும்பாலும் அது தானா மறைஞ்சுடும். ஆனா வேலை முடிஞ்சதுக்கு அப்புறமும் கட்டு கட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுகிட்டே இருந்தா, அதுல ஏதோ ஒண்ணு இன்னொரு பிழையும் சேர்ந்து கட்டியாகும். பத்து வில்ம்ஸ் கட்டில ஆறேழுல இந்த 11ஆம் குரோமோசோம் இடம்தான் மாறியிருக்கு. அதே சமயம் பெக்வித்-வீடமன் இருக்கற நூறு குழந்தைங்கள்ல அஞ்சுலேருந்து பத்து பேருக்குத்தான் ஏதாவது கட்டி வருது. பாப்பாவுக்கு இருக்கற வகைல அது நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு. கொலுசு மாட்டலன்னதும் போயிருந்தா மூணு மாசத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்து, கட்டி சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருக்கலாம். ஒரு கால் பெருசா இருக்கற குழந்தை உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ இருந்தா தயவு செஞ்சு ஒரு தடவ காட்டுங்க.

இன்னொரு விஷயம் எனக்கு உடன்பாடு இல்லாதது. ஒரு பிரதி வேலை செஞ்சு இன்னொண்ணு அணைஞ்சு இருக்கற இந்த ஏற்பாடு ஏன் வந்துச்சுங்கறதுக்கு டேவிட் ஹெய்க்ங்கிற பரிணாம உயிரியல் ஆய்வாளர் ஒரு கோட்பாடு சொல்றாரு, அப்பா வழி ஜீனுக்கு இந்தக் குழந்தை எவ்ளோ பெருசா வளருதோ அவ்ளோ லாபம், அம்மா வழி ஜீனுக்கு அடுத்தடுத்த குழந்தைக்கும் சத்து மிச்சம் வெக்கணும், அதனால இழுபறி. கோட்பாடு நல்ல கோட்பாடு, பல விஷயங்கள விளக்குது. ஆனா அத வீடியோல சொல்றவங்க புருஷன் பொண்டாட்டி சண்ட மாதிரி சொல்றப்ப எனக்கு பயமா இருக்கு. அத கேக்கற எத்தன வீட்ல எத்தன தங்கச்சிங்க இருப்பாங்க.

தங்கச்சி ஒருநாள் கேட்டா, அதிகமா இருக்கற அந்தக் காரணிய தடுக்க மருந்து இல்லையான்னு. முயற்சி பண்ணாங்க. ஐஜிஎஃப்-2 செல் மேல போய் ஒட்டுற எடத்த, அதாவது ரிசெப்டர, அடைக்கற ஆன்டிபாடி மருந்துகள பல கம்பெனிங்க செஞ்சு, ஈவிங் சார்கோமாங்கிற எலும்புப் புற்றுநோய் வந்த பசங்களுக்கு குடுத்தாங்க. சில பேருக்கு கட்டி கரைஞ்சே போச்சு, ஆனா பத்துல ஒருத்தர் கணக்குத்தான், அதுலயும் பெரும்பாலானவங்களுக்கு நிலைக்கல. கம்பெனிங்க ஒவ்வொண்ணா வெலகிடுச்சு. கானிடுமாப்னு ஒண்ண, நோய் பரவுன நெலமைல இருந்தவங்களுக்கு கீமோவோட சேர்த்து பெரிய சோதனையா நடத்துனாங்க, பலன் கூடல, பக்கவிளைவுதான் கூடுச்சு. அந்த வரிசைல வந்த இன்னொரு மருந்து டெப்ரோடுமுமாப்ங்கிற பேர்ல 2020ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, தைராய்டு கோளாறால கண்ணு பிதுங்கற பெரியவங்களுக்கு. அவங்களுக்கு நல்லது நடந்ததுல சந்தோஷம்தான். ஆனா அந்த மருந்த நம்பி முதல்ல கை நீட்டுனது பசங்க, அத நெனச்சா நெஞ்சு கனக்குது.

கன்னடியன் கால்வாய்

நான் போன்ல சொன்னத போன்ல மாத்த முடியாதுன்னு எனக்கே தெரிஞ்சுது. கீமோ முடிஞ்சு பாப்பாவ ஊருக்கு கூட்டிட்டுப் போனப்ப நானும் போனேன். அவங்களுக்கு கன்னடியன் கால்வாய் பாசனத்துல வயல். அத்தை, கார், பிசானம்னு ரெண்டு நெல் போகமும் அம்பது வருஷமா பாத்தவங்க. சாப்பாடு முடிஞ்சு திண்ணைல உக்காந்திருந்தப்ப, "அத்தை, அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன்"னு ஆரம்பிச்சேன். தங்கச்சி உள்ள பாத்திரம் கழுவிகிட்டு இருந்தா, தண்ணி சத்தம் நின்னுச்சு. ரெண்டு பிரதி இருக்கு, ஒண்ணு தொறந்திருக்கணும், ஒண்ணு அடைச்சிருக்கணும், இவ குடுத்தது அடைச்சுத்தான் இருந்துச்சு, பின்னாடி கருவுக்குள்ள தொறந்துகிச்சுன்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். குரோமோசோம், மெத்தில் ஒண்ணும் சொல்லல.

அத்தை கொஞ்ச நேரம் வெத்தலைய மடிச்சுகிட்டே இருந்தாங்க. அப்புறம் "ரெண்டு மடை"ன்னாங்க. "ஒரு வயலுக்கு ரெண்டு மடை. ஒண்ணுல தண்ணி பாயும், ஒண்ண அடைச்சு வெச்சிருப்போம். ராவுல அடைச்ச மடை ஒடைஞ்சுட்டுன்னா ரெண்டுலயும் பாஞ்சு பயிரு அழுவிரும். அதான தம்பி?" நான் அதேதான் அத்தைன்னு சொன்னேன். "அடைச்சவ ஒழுங்காத்தான அடைச்சிருக்கா"ன்னு சொன்னாங்க. உள்ள பாத்து சத்தமா சொல்லல, என்கிட்ட கேக்கவும் இல்ல, வயல் இருக்கற பக்கம் பாத்து சொன்னாங்க. அந்த டாக்டர் கோடு போட்டு காட்டுனதுல இருந்த மொத்த விஷயமும் அந்த மூணு வாக்கியத்துல இருந்துச்சு, நான் ரெண்டு மாசமா படிச்சு தேடுன வார்த்தை அவங்க வயல்ல கெடந்துச்சு. உள்ள கொழாய மறுபடி தொறக்கற சத்தம் கேட்டுச்சு.

மாப்பிள்ளையோட அக்காகிட்ட அத்தையே பேசிட்டாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது, என்ன பேசுனாங்கன்னு தெரியாது. தங்கச்சி அந்த போன் கால் பத்தி இதுவரைக்கும் என்கிட்ட மறுபடி பேசல. நான் ரெண்டு தடவ மன்னிப்பு கேட்டேன், "விடுண்ணே"ன்னு சொன்னா, விட்டாளான்னு எனக்குத் தெரியாது.

இப்ப பாப்பாவுக்கு அஞ்சு வயசு தாண்டிருச்சு. ஏழு முடியற வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ வயித்து ஸ்கேன், மிச்சம் இருக்கற ஒரு கிட்னிக்காக. இந்தக் கோளாறுல வரக்கூடிய கல்லீரல் கட்டிக்குப் பாக்கற ரத்த டெஸ்ட் நாலு வயசோட நிறுத்தியாச்சு. செருப்பு ரெண்டு சைஸுல ரெண்டு ஜோடி வாங்கி ஒண்ணொண்ணு எடுத்துக்கறோம். போன தடவ ஸ்கேனுக்கு அத்தையும் வந்தாங்க, முதல் தடவையா. ஜெல் போடறப்ப பாப்பா "ஜில்லுங்குது ஆச்சி"ன்னு கைய புடிச்சுகிட்டா. ஸ்கிரீன்ல அந்த ஒத்தக் கிட்னிய டாக்டர் காட்டுனப்ப அத்தை கண்ணாடிய எடுத்து மாட்டிகிட்டு கிட்டப் போய் பாத்தாங்க. "இதுல மடை எங்க இருக்கு"ன்னு கேட்டாங்க. டாக்டருக்குப் புரியல. தங்கச்சி பர்ஸ தொறந்து அந்த பேப்பர எடுத்தா.